சோற்றுக்கு ஒரு கூடு: ஜப்பானியச் சமையலறையில் வைக்கோல்

என் அடுப்பு மேடையில் ஒரு வைக்கோல் வளையம் கிடக்கிறது. உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தால் விளிம்பு மட்டும் வெளியே தெரியும் அளவு. விரல் பருமனில் திரித்த கயிற்றை வட்டமாக வளைத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சுற்றி, நுனி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி உள்ளே சொருகியிருக்கிறார்கள். கொதிக்கிற சாம்பார்ச் சட்டியை இறக்கி அதன் மேல் வைத்தால், கொஞ்ச நேரத்தில் அறுப்பு முடிந்த வயலின் வாசனை லேசாக வரும். ஜப்பானில் இதற்கு நாபேஷிகி என்று பெயர். நாபே என்றால் சட்டி, ஷிகி என்றால் அடியில் போடுவது. நம் ஊர்ப் பிரிமணைதான் இது. ஆச்சி வீட்டில் மண்பானைக்கு அடியில் பிரிமணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் ஜப்பானியச் சமையலறையில் வைக்கோல் சட்டிக்கு அடியில் மட்டும் இருக்கவில்லை. சோற்றைச் சூடாக வைத்திருந்தது, முட்டையை உடையாமல் சந்தைக்குக் கொண்டுபோனது, சட்டியைத் தேய்த்தது, சோயாவைப் புளிக்க வைத்தது, புத்தாண்டில் அடுப்புக்கு மேல் காப்பாகத் தொங்கியது. ஒரே வைக்கோல் எப்படி இத்தனை வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. அது புரிந்துவிட்டால் எந்த ஜப்பானிய வைக்கோல் பொருளைப் பார்த்தாலும் ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எது வைக்கோல், எது இல்லை

நெல் வைக்கோலை ஜப்பானிய மொழியில் வாரா என்பார்கள். வாராவில் செய்த கைவேலை எல்லாம் வாராசைகு. இணையக் கடைகளில் 'ஜப்பானிய வைக்கோல்' என்று விற்பதில் பாதி வாரா கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாதாமி பாயின் மேல்பரப்பு இகுசா என்னும் கோரையில் நெய்யப்படுகிறது. குமாமோட்டோ மாகாணத்தின் யாட்சுஷிரோ பகுதி இதற்குப் பேர்போனது. பழுப்பு நிறத்தில் முரட்டு நாராக இருக்கும் சட்டி தேய்ப்பான் ஷுரோ என்ற பனை வகையின் நாரில் செய்தது. அரிசி களையும் கூடையும் நூடுல்ஸ் வடிக்கும் தட்டும் மூங்கில்.

கண்டுபிடிப்பது சுலபம். நெல் வைக்கோல் பொன்னிறமாக இருக்கும், மேலே லேசான பளபளப்பு இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே வெறுமையாக இருப்பது தெரியும். இகுசாவில் பச்சை இன்னும் மிச்சமிருக்கும், தண்டு உருண்டையாகக் கணு இல்லாமல் ஓடும், பிளந்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சாகத் தக்கை இருக்கும்.

ஒரு தாளுக்குள் என்ன இருக்கிறது

உங்களுக்கு ஒரு நெற்றாள் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். கீழே இருந்து மேலே வரைக்கும் இடையிடையே கணுக்கள். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் குழாய். குழாயைச் சுற்றிக் காய்ந்த இலையுறைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த உறையை ஜப்பானியர்கள் ஹகாமா என்கிறார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்டும் மரபு உடைக்கும் அதே பெயர்தான். கடைசிக் கணுவுக்கு மேலே, கதிர் தொங்கிய பகுதி மட்டும் கணுவே இல்லாமல் மெலிதாக, வழவழப்பாக, நீளமாக ஓடும். அதற்கு மிகோ என்று தனிப் பெயர்.

வேலை தொடங்குவது ஹகாமாவைக் களைவதில். ஒரு கற்றையைக் கதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, விரல்களையோ ஆணி அடித்த பலகையையோ சீப்பாக வைத்து இழுத்தால் குப்பையும் தளர்ந்த உறைகளும் கழன்று விழும். மிஞ்சுவது நேரான, சுத்தமான தண்டுகள்.

அடுத்து வரும் முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: இந்த வைக்கோலை அடிப்பதா, வேண்டாமா?

அடிப்பதென்றால், தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ஒரு வழவழப்பான கல்லின் மேல் கற்றையை வைத்து உருட்டிக்கொண்டே கொட்டாப்புளியால் அடிப்பார்கள். மரத்தைக் கடைந்து பிடி வைத்த அந்தச் சம்மட்டி பழைய ஜப்பானியக் குடியானவர் வீடுகளில் இல்லாத இடமே கிடையாது. அடிக்க அடிக்கக் குழாய் நசுங்கும், கணுக்கள் தளரும், தண்டின் சுவர் நீளவாக்கில் நாராகப் பிரியும். சற்று முன்னால் மடித்தால் முறிந்த தாள் இப்போது துணி மாதிரி வளையும். கயிறு, செருப்பு, சட்டி வளையம், மூட்டைக் கட்டு எல்லாம் இந்த அடித்த வைக்கோலில்தான்.

அடிக்காமல் விட்டால் தாள் குழாயாகவே இருக்கும். குழாய்க்குள் காற்று இருக்கும், அழுத்தினால் கொஞ்சம் அமுங்கித் திரும்ப நிமிரும். சூட்டைக் காக்கவும், உடையும் பொருளைப் பொதியவும் இந்தக் குணம்தான் வேண்டும். மூன்றாவதாக, மேலே சொன்ன மிகோ. கணு இல்லாத அந்த மெல்லிய நுனித்தண்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக் கட்டினால் நல்ல துடைப்பம் கிடைக்கும்.

ஆக, அடித்தால் கயிறு, அடிக்காவிட்டால் காற்றுப் பொதி, நுனியை எடுத்தால் துடைப்பம். நடுவில் எவ்வளவு அடிப்பது என்பதில் ஆளுக்கு ஆள், பொருளுக்குப் பொருள் அளவு மாறும். கைப்பழக்கம் என்பது பெரும்பாலும் அந்த அளவை அறிவதுதான்.

கயிறு ஏன் அவிழ்வதில்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சட்டி வளையத்தின் பலமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

அடித்து ஈரமாக்கிய தாள்களில் மூன்று நான்கை ஒரு கற்றையாகவும், அதே அளவு இன்னொன்றை மற்றொரு கற்றையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அடிமுனைகளைச் சேர்த்து முடிந்து, முடிச்சைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். இரண்டு கற்றைகளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, ஒரு கையை முன்னே தள்ளித் தேய்க்கும்போது இரண்டும் தனித்தனியே, ஒரே பக்கமாக முறுக்கேறும். முறுக்கேறிய கற்றைக்கு அவிழ்ந்து பழைய நிலைக்குப் போகத்தான் ஆசை. பக்கத்திலேயே இன்னொன்றும் அதே ஆசையோடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விட்டால், அவிழப் பார்க்கிற வேகத்தில் ஒன்றின் மேல் ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டதும் மேற்கொண்டு அவிழ வழி இல்லை. உள்முறுக்கு ஒரு பக்கம், வெளிமுறுக்கு மறுபக்கம், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பசை வேண்டாம், தையல் வேண்டாம்.

ஒரு தாள் முடியப் போகிறது என்றால், கற்றை மெலிவதற்கு முன்பே புதுத்தாளின் அடியை இடுக்கில் சொருகித் தேய்த்துக்கொண்டே போவார்கள். இப்படி நீளத்துக்கு எல்லையே கிடையாது. கயிறு திரிப்பதற்கென்றே ஜப்பானிய மொழியில் நாவு என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. நூல் நூற்பதற்கு அதைச் சொல்ல மாட்டார்கள்.

நானும் முயன்று பார்த்தேன். பக்கத்து ஊரிலிருந்து வாங்கி வந்த வைக்கோல்கட்டைப் பிரித்தால் ஒரு தாள்கூட முழுசாக இல்லை. அறுவடை இயந்திரத்துக்குள் போய் வந்தது, முழ நீளத்தில் நைந்து கிடந்தது. அதில் கயிறு ஏறவில்லை. பிறகு கையால் அறுத்த வயலிலிருந்து ஒரு கட்டு கிடைத்து, ஊறவைத்து அடித்ததும் முதல் தேய்ப்பிலேயே கற்றைகள் தாமாகச் சுற்றிக்கொண்டன. அந்த நொடியில் கைக்குள் ஏதோ உயிருள்ளது அசைகிற மாதிரி இருந்தது. இயந்திரம் நைத்த வைக்கோல் என்ற இந்த விஷயம் ஜப்பானிலும் பெரிய விஷயம். பின்னால் வருகிறேன்.

சோற்றைச் சூடாக வைத்த கூடு

எல்லா வைக்கோல் பொருள்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மின்சாரம் வராத காலத்தில் ஜப்பானிய வீடுகளில் மூன்று வேளையும் சோறு வடிப்பதில்லை. விறகு மிச்சம், நேரம் மிச்சம். எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், காலையில் ஒருமுறை ஆக்குவது வழக்கம். கியோட்டோ, ஒசாகா பக்கம் நண்பகலில். ஆக்கிய சோற்றை இரும்புப் பானையிலிருந்து எடுத்து ஒஹித்சு என்ற மூடி போட்ட மரத்தொட்டிக்கு மாற்றுவார்கள். பூச்சு இல்லாத மரம் சோற்றின் அதிகப்படி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் சோறு வியர்த்துப் பிசுபிசுக்காது. மரத்துக்குச் சூட்டைக் காக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. ஆனால் நீகாட்டா, நாகானோ, யமகாட்டா மாதிரிப் பனி ஆளுயரத்துக்கு மேல் கொட்டும் ஊர்களில் அந்தக் கொஞ்சம் போதாது. காலையில் ஆக்கிய சோறு சாயங்காலத்துக்குள் கல்லாகிவிடும்.

அதற்காகச் செய்ததுதான் ஒஹித்சுவையே உள்ளே இறக்கி மூடி வைக்கிற வைக்கோல் கூடு. ஊருக்கு ஊர் பெயர் மாறும். நாகானோவின் வடக்கே, நீகாட்டா எல்லையை ஒட்டிய மலை ஊர்களில் ட்சுகுரா என்பார்கள், சோற்றுக்கானது மேஷி ட்சுகுரா. மேஷி என்றால் சோறு.

செய்முறை நம்ம முறுக்குப் பிழிவதைத்தான் நினைவுபடுத்தும். வைக்கோலைக் கைப்பிடிப் பருமனுக்குக் கற்றையாகச் சேர்த்து, அடியின் நடுப்புள்ளியிலிருந்து சுற்றிச் சுற்றி வட்டமாகக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு வளையும் வைக்கோலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அடி முடிந்ததும் சுற்றை மேலே ஏற்றினால் சுவர் எழும்பும். கடைசியில் அதே முறையில் ஒரு மூடி. சுவர் இரண்டு மூன்று விரற்கடை கனம் இருக்கும். தூக்கிப் பார்த்தால் தோற்றத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இருக்காது, அவ்வளவு லேசு. உள்ளே பாதிக்கு மேல் காற்றுதானே.

சூடு வெளியேறாததற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். நகராத காற்று சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். தாள் குழாய்களுக்குள்ளும், தாளுக்கும் தாளுக்கும் நடுவிலும் அடைபட்ட காற்று அங்கே இங்கே போக முடியாமல் நின்றுவிடுகிறது. இன்றைய தெர்மாகோல் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. தெர்மாகோலுக்குள் ஆவி சிக்கி மூடியில் நீர் கோத்து சோற்றின் மேல் சொட்டும். வைக்கோல் கூடு கொஞ்சம் ஈரத்தை உள்வாங்கி மெதுவாக வெளியே விடும். உள்ளே மரத்தொட்டி, வெளியே வைக்கோல் என்ற இந்த ஜோடி சூட்டையும் ஈரத்தையும் சேர்த்தே கவனித்துக்கொண்டது. சமையலறைப் பொருள்களில் இவ்வளவு அறிவோடு செய்யப்பட்ட ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதே கூட்டைப் பெரிதாக்கி, மூடி இல்லாமல் செய்து, கைக்குழந்தையை உள்ளே உட்கார வைத்துச் சுற்றித் துணி திணித்துவிட்டு வயல்வேலை பார்த்திருக்கிறார்கள் தாய்மார்கள். குழந்தைக்கும் சோற்றுக்கும் ஒரே தொழில்நுட்பம். இன்று நீகாட்டாவின் செகிகாவா கிராமம் பூனைக்காகச் செய்யும் குவிமாட வீட்டுக்குப் பேர்போனது, அதுவும் இந்தக் குழந்தைக் கூட்டின் வழிவந்ததுதான்.

சோற்றுக் கூட்டின் காலம் முடிந்ததைத் தேதி போட்டே சொல்லலாம். 1955-ல் தோஷிபா நிறுவனத்தின் தானியங்கி மின் சோற்றுப்பானை சந்தைக்கு வந்தது. 1970-ல் சோஜிருஷி, சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் மின் ஜாடியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒஹித்சுவே பரணுக்குப் போனது, அதற்கு உறையாக இருந்த கூடு என்ன செய்யும்? ஆனால் மின்பானையில் நாள் முழுக்கச் சூடேறிக் கிடக்கும் சோறு மஞ்சளாகி ஒரு வாடை அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்தொட்டியில் ஆறிய சோறு ஆறியும் ருசியாகத்தான் இருக்கும் என்று மறுபடி ஒஹித்சுவைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது ஜப்பானில் இருக்கிறார்கள்.

பொதி: முட்டையும் நாட்டோவும்

வைக்கோல் தாள்களை ஒரு பிடி எடுத்து ஒரு முனையைக் கட்டி, நடுவை விரித்து, உள்ளே உணவை வைத்து மறுமுனையையும் கட்டினால் அது ட்சுதோ. பழைய ஜப்பானிய மொழியில் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் வீட்டுக்குக் கொண்டுவரும் பண்டத்துக்கே ட்சுதோ என்று பெயர் வந்துவிட்டது. கட்டிக்கொண்டு வந்த பொதியின் பெயரே உள்ளிருக்கும் பொருளுக்கும் ஆகிவிட்டது.

யமகாட்டா பக்கம் முட்டைக்கான ட்சுதோவைப் பார்த்தால் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றும். ஐந்து முட்டைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். இரண்டு முட்டைகளுக்கு நடுவில் ஒரு வைக்கோல் கட்டு இறுக்கமாகக் குறுக்கே ஓடும், அதனால் முட்டையோடு முட்டை மோதாது. தாள்கள் முழுசாக மூடாமல் இடைவெளி விட்டு நிற்கும், ஓடு வெளியே தெரியும், காற்றும் போய் வரும். மேலே மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் திரித்தால் பிடி. ஒரு கையில் தொங்கவிட்டு நடந்து போகலாம், வீட்டில் ஆணியில் மாட்டலாம். தேவைப்படும்போது கீழேயிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். வைக்கோலைத் தவிர அதில் வேறு எதுவுமே கிடையாது.

நாட்டோவில் வைக்கோல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேகவைத்த சோயா, நூலிழுக்கும் பிசுபிசுப்போடும் கடுமையான வாசனையோடும் புளித்தால் அது நாட்டோ. புளிக்க வைப்பது பாசில்லஸ் சப்டிலிஸ் வகையைச் சேர்ந்த பாக்டீரியா. அது இயல்பாகவே வைக்கோலில் வாழ்கிறது. வைக்கோலைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் மற்ற கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும். இந்த பாக்டீரியா மட்டும் வித்து வடிவில் கனமான ஓட்டுக்குள் சுருண்டு தப்பிவிடும். அந்த வைக்கோல் பொதிக்குள் சூடான சோயாவை அடைத்து, உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான கதகதப்பில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்தால் நாட்டோ தயார். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்துக் குடியானவர்கள் கண்டுபிடித்த வழி இது. இங்கே வைக்கோல் பொதியாகவும் இருக்கிறது, உறைமோராகவும் இருக்கிறது.

டோக்கியோவுக்கு வடகிழக்கே இபாராகி மாகாணத்தில் இருக்கும் மீட்டோ நகரம் நாட்டோவுக்குப் பேர்போனது. 1889-ல் அங்கே ரயில் வந்தபின் நிலையத்தில் பயணிகளுக்கு விற்கத் தொடங்கித்தான் பெயர் பரவியது. பின்னாளில் அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு வைக்கோல் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. இன்று கடைகளில் நாட்டோ தெர்மாகோல் டப்பியில்தான் கிடைக்கிறது. மீட்டோவுக்குப் போனால் மட்டும் வைக்கோல் பொதியில் வாங்குங்கள். பிரிக்கும்போது சோயா வாசனைக்குள் வைக்கோல் வாசனை கலந்து வரும்.

மற்றவை

சட்டி தேய்க்க ஜப்பானியர்கள் வெகுகாலம் பயன்படுத்தியது வைக்கோல் சுருணையையும் பழைய கயிற்றுத் துண்டையும்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். மணலில் இருப்பதும் சிலிக்காதான், அதனால் வைக்கோல் மெதுவாகவே தேய்த்தாலும் அழுக்கை அரித்து எடுக்கும். 1907-ல் வந்த காமெனோகோ தவாஷி, ஆமை வடிவில் நார்களைக் கம்பியில் முறுக்கிச் செய்த தேய்ப்பான், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

குளிர்காலத்தில் வீட்டு இறவாரத்தில் வைக்கோல் கயிற்றில் என்னென்னவோ தொங்கும். தோல் சீவிய காக்கி என்னும் பெர்சிமன் பழம், முள்ளங்கி, இரவுப் பனியில் உறைந்து பகலில் உருகிக் காயும் தோஃபு. சோயாவை வேகவைத்து இடித்து உருண்டை பிடித்த மிசோ உருண்டைகளும் அப்படித்தான் தொங்கும். அரிசி மூட்டையே வைக்கோல்தான். தவாரா என்ற அந்த உருளை மூட்டையின் அளவு பின்னாளில் 60 கிலோ என்று நிலைப்பட்டது. திருநெல்வேலிப் பக்கம் விதைநெல்லைக் கோட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். தவாராவின் இரண்டு முனையையும் அடைக்கும் வட்டத்தட்டு சன்தவாரா. மூட்டை காலியானதும் அது வீட்டில் வேறு வேலைக்கு வரும். தொத்தோரி மாகாணத்தின் மொச்சிகாசே ஊரில் இன்றும் பெண்குழந்தைகளின் விழாவன்று காகிதப் பொம்மை ஜோடியை அந்தத் தட்டில் உட்கார வைத்து ஆற்றில் விடுகிறார்கள்.

புத்தாண்டுக்குச் சமையலறையில் ஒரு சின்ன வைக்கோல் வளையம் மாட்டுவார்கள், வாகசாரி என்று பெயர். அடுப்பிலும் தண்ணீர்க் குழாய் அருகிலும் இருக்கும் தெய்வத்துக்கு மரியாதை. ஷிமேனாவா என்னும் புனிதக் கயிற்றின் குட்டி வடிவம் இது. சாதாரணக் கயிற்றுக்கு முறுக்கும் திசைக்கு நேரெதிர்த் திசையில் இதை முறுக்குவார்கள். அடுத்த முறை படத்தில் பார்க்கும்போது முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஷிமேனாவாவுக்குக் கதிர் வருவதற்கு முன்பே, பச்சையாக இருக்கும்போதே பயிரை அறுத்து உலர்த்துகிறார்கள். அந்த வயலில் நெல் கிடைக்காது. தெற்கே கியூஷு தீவின் தகாச்சிஹோ மலைப்பகுதியில் புத்தாண்டு முடிந்தும் அதைக் கழற்றுவதில்லை, ஆண்டு முழுக்க வாசலில் இருக்கும்.

பனிக்காலத்து வேலை

இத்தனையும் செய்ய நேரம் எப்போது? பனி பெய்யும்போது. ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடக்கே, ஜப்பான் கடல் பக்கத்தில் மாதக்கணக்கில் வயல் பனிக்கு அடியில் கிடக்கும். அப்போது குடும்பமே இரோரியைச் சுற்றி உட்காரும். இரோரி என்பது கூடத்தின் நடுவில் தரையில் பள்ளமாக அமைத்த அடுப்பு. ஒருவர் அடிக்க, ஒருவர் திரிக்க, ஒருவர் பின்ன, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய கயிறு, செருப்பு, பாய், மூட்டை, கூடு எல்லாம் அந்த மாதங்களில் உருவாகும். இரோரிக்குப் புகைபோக்கி கிடையாது. புகை முழுக்கக் கூரை வழியாகக் கசிந்து போகும்போது மேலே தொங்கும் வைக்கோல் பொருள்களில் படிந்து பூச்சி வராமல் காத்தது.

1933-ல் யமகாட்டாவின் ஷின்ஜோ நகரில், பனிப் பகுதிக் கிராமங்களின் வறுமையை ஆராய்ந்து வழி சொல்ல அரசு ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. வைக்கோல் வேலையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அதன் கவலைகளில் ஒன்று. 1940-ல் ஜப்பானிய அரசின் அழைப்பில் வந்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியாந் இந்தப் பகுதிக்கு வந்து, உள்ளூர் ஆட்களின் வைக்கோல் பின்னலைச் சாய்வு நாற்காலிக்கான விரிப்பாக மாற்றிச் செய்ய வைத்தார். அடுத்த ஆண்டு தகாஷிமாயா பல்பொருள் அங்காடியில் அவர் நடத்திய கண்காட்சியில் மழைக்கும் சேற்றுக்கும் பழகிய வைக்கோல், நவீன வீட்டின் நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கலைச் சிந்தனையாளர் யனாகி சோயெத்சுவும் அவர் நண்பர்களும் பெயர் தெரியாத குடியானவர்கள் அன்றாடத் தேவைக்குச் செய்த பொருளில்தான் அழகு இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 1925-ல் அதற்கு மிங்கெய் என்று பெயர் வைத்தார்கள். 1936-ல் டோக்கியோவின் கோமாபாவில் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று என் அடுப்பு மேடை வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

இப்போது வைக்கோலே தட்டுப்பாடு

இயந்திரத்தில் போய் வந்த வைக்கோலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1970-களில் ஜப்பான் முழுக்கக் கூட்டு அறுவடை இயந்திரம் பரவியது. அது அறுத்து, நெல்லைப் பிரித்து, வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி வயலிலேயே போட்டுவிடும். மண்ணுக்கு அது நல்லதுதான். ஆனால் பின்னுகிறவருக்கு முழுத்தாள் கிடைப்பதில்லை. நெல் கோடிக்கணக்கான மூட்டை விளைகிற நாட்டில் நல்ல வைக்கோல் அரிதாகிவிட்டது. சாய்ந்துவிடாமல் இருக்கக் குட்டையாக வளரும் நெல் ரகங்கள் வந்ததும் இன்னொரு காரணம்.

அதனால் இன்று வைக்கோல் வேலை செய்கிறவர்கள் தாங்களே நெல் பயிரிட்டு, தாள் உடையாமல் அறுத்துக் கட்டி, மரச்சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலிலும் காற்றிலும் உலர்த்துகிறார்கள். ஒட்டரிசி ரகத்தின் வைக்கோல் நீளமும் மென்மையும் கொண்டது என்று அதற்குத் தனி மதிப்பு. ஒரு சின்ன வளையத்துக்கு இவ்வளவு விலையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: நாற்று நடுவதிலிருந்து அந்த விலை தொடங்குகிறது.

வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது

முதல் பொருளாக நாபேஷிகியை வாங்குங்கள். கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், இறுக்கமாக இருந்து மெதுவாக எதிர்த்தால் நல்லது. நுனிகள் வெளியே துருத்தினால் பயப்பட வேண்டாம், கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம், கட்டு தளராது. ஆனால் அடுப்பு எரியும்போது பக்கத்தில் வைக்காதீர்கள். வைக்கோல் எவ்வளவு சீக்கிரம் பற்றி எரியும் என்பதற்கு கோச்சி மாகாணத்தில் சூரைமீனை வைக்கோல் தீயில் வாட்டுவதே சாட்சி. சுவாலை ஆள் உயரத்துக்கு எழும்பும், மேல்தோல் சில நொடிகளில் கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. ஈரமான சட்டி அடியோடு வைத்தால் வளையத்தை எடுத்து ஆணியில் மாட்டிவிடுங்கள், இரண்டு பக்கமும் காற்றுப் படும். அழுக்கானால் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கரும்புள்ளி வரும். வெயில் வந்த முதல் நாளில் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் போட்டுத் தட்டி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது.

என் வளையத்தின் ஒரு பக்கம் சட்டிச் சூட்டில் பழுப்பேறிக் கொஞ்சம் அமுங்கிவிட்டது. இப்போது திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்துகிறேன். இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். அப்புறம் கயிற்றைப் பிரித்து மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் மூடாக்காகப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.